மருதாணிக் கோட்டில் எழும்பிய கொப்புளம்

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர். ஆட்கள் 'மருந்துக்கார ஐயா' என்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அம்மை என்று காதில் விழுந்தால் உடனே போய்ப் பார்ப்பது என் வேலை. கங்காணி மகள் செல்லம்மாவுக்கு அம்மை என்றார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்.

வாசலில் வேப்பிலை, உள்ளே சாம்பிராணிப் புகை. தாய் மறித்தாள்.

"செருப்ப கழட்டிட்டு வாங்கய்யா. நாங்க மருதாணி வச்ச எடத்துலேயே அம்மா எழுதியிருக்கா."

செல்லம்மாவின் புறங்கையைப் பார்த்தேன். கொடி, இலை, மொட்டு என்று கோடு பிசகாமல் கொப்புளம். யாரோ உள்ளேயிருந்து தோலைத் தள்ளி வரைவது போல இருந்தது. நான் பார்க்கும்போதே ஒரு மொட்டு நீர் கோத்து வீங்கியது. கோயில் பக்கமே போகாத என் கை தானாகக் கும்பிடப் போனது.

"சூடு தணியட்டும்னு இப்ப பாதத்துலயும் பூசியிருக்கோம்" என்றாள் தாய். அம்மை கண்டவர் காலுக்கு மருதாணி பூசுவது வழக்கம்தான். ஆனால் பக்கத்தில் கிண்ணத்தில் இருந்த மருதாணி கன்னங்கரேல் என்று, காட்டமான நெடியோடு இருந்தது.

"இதுல என்னத்த கலந்தீங்க?"

"கறுப்பா புடிக்கணும்னு அவுங்கப்பா மீசைக்குப் பூசுற சாயப்பொடிய..."

அதற்குள் செல்லம்மாவின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விசில் அடித்தது. ஊசியை எடுத்தேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மை கண்ட ஒடம்புல ஊசி குத்தினா, அம்மா புள்ளைய கொண்டு போயிருவாய்யா!"

செல்லம்மாதான் கிண்ணத்தை உதைத்துத் தள்ளிவிட்டு, பேச்சு வராமல், கையை என்னிடம் நீட்டினாள். சாயம் ஒவ்வாமல் அடைத்த மூச்சு திறக்க அட்ரினலின் போட்டேன். காலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். மூச்சு சீராகும்வரை எனக்கும் உயிர் இல்லை.

கொப்புளம் காய்ந்தது. கொடி மட்டும் வெள்ளையாகத் தங்கிவிட்டது. கல்யாணத்தன்று பெண்கள் வரிசையில் நின்று அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"நீங்களாவது சொல்லுங்கய்யா, இது மீசைச் சாயம்னு" என்றாள் செல்லம்மா.

சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்குமுன், என்ன பூசினீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு தாய், காய்ச்சலில் இழுத்துக்கொண்டிருந்த குழந்தையோடு என் டிஸ்பென்சரியைத் தாண்டி செல்லம்மா வீட்டுக்குப் போனாள், அந்தக் கையால் தொட்டுவிடச் சொல்லி. செல்லம்மா தொடவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, அப்படியே குழந்தையை வாரி எடுத்து என்னிடம் ஓடிவந்தாள்.