குடம் குதிரையான பங்குனி உத்திரம்

குன்றெல்லாம் கோயிலாகக் கொண்டவனே, குழந்தை வடிவிலேயே குருவாக அமர்ந்தவனே, என் எழுத்தின் கோணலை உன் வேலால் நிமிர்த்தியருள்க. எதற்கும் முன்னே நடக்கும் மூத்த பிள்ளையே, இந்தக் கதை தடுக்கி விழாமல் நீ வழிவிடுக.

பங்குனித் திங்கள், உத்திர நட்சத்திரம், நிலவு நிறைந்த நன்னாள். அன்று மலாய் மண்ணில், புக்கிட் செலம்பாவ் என்னும் ஊருக்குப் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் என் பேத்தி முதன்முதலாகப் பால்குடம் எடுத்தாள். அவளுக்கு வயது ஐந்து. நடந்ததை நடந்தபடியே சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நினைக்கும்போதே கை துள்ளுகிறது, எழுத்து வரியில் நிற்கமாட்டேன் என்கிறது.

வேண்டுதலை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்த ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் கண்ணாடிக்கு அப்பால் அவள் கிடக்க, இப்பால் நின்ற என் மகள் முருகனிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். இவள் பிழைத்து வந்தால் ஐந்தாம் வயதில் தன் காலால் நடந்து, தன் தலையில் சுமந்து, தானே விரும்பி உனக்குப் பால்குடம் எடுப்பாள் என்பது அந்த வாக்கு. ‘தானே விரும்பி’ என்பதை அவள் யோசித்தே சேர்த்தாளாம். “அழ அழ இழுத்துட்டுப் போயி எடுக்க வச்சா அது வேண்டுதலாப்பா?” என்று பிறகு என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் கற்ற எந்தப் பாட்டிலும் மறுப்பு இல்லை.

ஆகவே எல்லாம் குழந்தையின் விருப்பத்தில் நின்றது. அந்த விருப்பத்துக்கோ குறைவே இல்லை! திகாம் பத்துவில் உள்ள எங்கள் வீட்டில் மாதம் பிறந்ததிலிருந்து அவள் நாள்காட்டியில் தினம் ஒரு கட்டத்தை வண்ணப் பென்சிலால் அடித்து வந்தாள். உயிரினும் மேலாக நேசித்த பொரித்த கோழியைத் தானாகவே விட்டாள். காலையில் நான் பூசை அறையில் பாடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேள்விகளைத் தொடுப்பாள்.

“தாத்தா, பால்குடா பெருசா இருக்குமா?”

“சின்னதுதான் கண்ணு. ஒன் தலைக்கு ஏத்த மாதிரி.”

“தலையிலயா வைப்பாங்க?”

“ஆமா. தலையில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும்.”

“அது சும்மா இருக்குமா? குதிக்காதா?”

“நீ ஆடாம நடந்தா அதுவும் ஆடாது.”

“அதுக்கு என்னா குடுக்கணும்?”

“பால் ஊத்துனாப் போதும்.”

அவள் கண்கள் அகல விரிந்தன. பக்தி முதிர்கிறது என்று நான் மகிழ்ந்தேன். பால் தளும்புவதைக் ‘குதிக்கும்’ என்கிறாளே, என்ன உவமை நயம் என்று மருமகனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, என் மகள் குழந்தையைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட முடியாதபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, சிக்கு கேக்குறாங்க, நம்ம வீட்டுல குதிர வளக்குறோமான்னு!”

சிக்கு என்பது மலாய்ப் பாலர் பள்ளி ஆசிரியை. என் பேத்தி வகுப்பு முழுவதற்கும் அறிவித்திருக்கிறாள், கோயிலுக்கு ஒரு வெள்ளைக் குதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகப் போவதாக. படமும் வரைந்திருக்கிறாள். படத்தில் குதிரையின் கீழே இரண்டு சிறிய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அவளுடையவை.

மலாயில் குதிரைக்குக் ‘குடா’ என்று பெயர். நாங்களோ பேசும்போது ‘குடம்’ என்பதன் கடைசி எழுத்தை மூக்குக்குள் விழுங்கிவிடுகிறோம். பாதி நாள் மலாயிலும் பாதி நாள் தமிழிலும் வாழும் பிள்ளை எதைக் கேட்பாள்? பால் போல் வெளுத்த குதிரை! குதிக்குமா என்றும், அதற்கு என்ன கொடுப்பது என்றும் அவள் கேட்டதெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுத்துப் பிழையின்றிப் பாட வேண்டும் என்று கோயிலில் எல்லோரையும் கண்டிக்கிறவன் நான். என் வீட்டில் ஒரு மகர மெய் தொலைந்தது எனக்குத் தெரியவில்லை.

நானும் மகளும் மருமகனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு என் மகள், விளக்கிச் சொன்னால் புரியும் என்று எண்ணி, புதிதாக வாங்கிய சின்னஞ்சிறு சில்வர் குடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். குழந்தை அதனுள்ளே எட்டிப் பார்த்தாள்.

“குடா எங்க?”

“இதாம்மா குடம். இதுலதான் பால் ஊத்தி எடுத்துட்டுப் போவோம்.”

“இது தண்ணி புடிக்கிறது.” அவள் கீழுதடு பிதுங்கியது. “இது எனக்கு வேணாம். குடாதான் வேணும்!”

சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் சிரிப்பு நின்றது. என் மகள் குடத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். கண்ணாடிக்கு இப்பால் நின்றபோது அவள் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது அன்றும்.

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தோம். மருமகன் பெரிய பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னார். மகள் அவரைத் தடுத்தாள். “பொம்மைக்காக எடுத்தா, அது அவ விருப்பமாங்க? பொம்மையோட விருப்பம்!” குழந்தை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. குடத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாள்காட்டியில் கட்டம் அடிப்பதையும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை விளக்கேற்றி வழக்கம்போல் பாட உட்கார்ந்தேன். அடியார் ஒருவருக்காக ஈசன் நரிகளைப் பரிகளாக்கி மதுரை வீதியில் நடத்திவந்த திருவிளையாடல் அன்றைய பாட்டில் வந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணீர் மல்கப் பாடிய இடம் அது. அன்று அந்த இடத்தில் குரல் அப்படியே நின்றுவிட்டது. காட்டில் ஊளையிட்ட நரி குதிரையாகலாம் என்றால், கடையில் வாங்கிய குடம் ஆகக்கூடாதா?

“மாப்ள!” என்று கத்தினேன். “கத்தரிக்கோல எடுங்க!”

என் முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. மருமகனின் காரில் ஏறிச் சாலைமுனையில் இருக்கும் பாய் உணவகத்துக்குப் போனோம். தேநீர்ப் பால் டின்கள் வரும் அட்டைப் பெட்டிகள் அங்கே குவிந்து கிடக்கும்.

“என்னாய்யா, வீடு மாறுறீங்களா?” என்றார் பாய்.

“குதிரை செய்யப் போறோம் பாய்.”

அவர் தேநீர் ஆற்றும் கையை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாச் செய்ங்க. பெட்ரோல் விக்கிற வெலைக்கு எனக்கும் ஒண்ணு சேத்துச் செஞ்சிருங்க.”

முதல் குதிரையை நான் வெட்டினேன். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்தன.

“தாத்தா, அது ஆடு.”

“குதிரைதான் கண்ணு.”

“ஆடு லா. தாடி இருக்கு” என்றாள், மலாய்ப் பேச்சின் ‘லா’வை ஒட்டவைத்து.

தாடியை வெட்டினேன், மூக்கும் சேர்ந்து போயிற்று. “இப்ப பன்னி” என்றாள். ஆனால் அதைச் சொல்வதற்கு அவள் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தாள்! என் மகள் சமையலறை வாயிலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மருமகன் வேலைசெய்யும் தொழிற்சாலையில் கேட்டு, இயந்திரங்களைப் பொதிந்துவரும் வெள்ளை நுரைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். எடையே இல்லை, பால் போல் வெண்மை. அதில் அவர் தலையையும் கழுத்தையும் செதுக்க, வீடெல்லாம் வெண்துகள் பறந்து, சாமி படங்கள்மீதுகூடப் படிந்தது. பிடரிக்குப் பொட்டலம் கட்டும் வெள்ளை ராஃபியா கயிற்றை இழை இழையாகக் கிழித்தோம். அதைக் குழந்தை தன் சீப்பால் வாரி வாரிப் பட்டாக்கினாள். என் சட்டையிலிருந்து இரண்டு கறுப்புப் பித்தான்கள் கண்களாக இடம்பெயர்ந்தன. “காது மேல, தாத்தா. இன்னும் மேல. ஐயோ, அது மூக்கு!” என்று அவள் ஏவ, நாங்கள் ஓடினோம். கழுத்தின் அடியில் அட்டை வளையம் ஒன்று செய்து குடத்தின் கழுத்தில் மாட்டிப் பசையிட்டோம். மாட்டியதும் குழந்தை குடத்தைச் சுற்றி ஒரு முறை வந்தாள். பிறகு ஓடிப்போய் நாள்காட்டியில் விட்டுப்போன கட்டங்களையெல்லாம் ஒரே மூச்சில் அடித்தாள்.

மகளுக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. “கோயில்ல ஏதாச்சும் சொல்லப் போறாங்கப்பா.” எனக்கும் உள்ளூர அதே உறுத்தல்தான். குருக்களிடம் போய், முறை தெரிந்தவனே முறை தவறியது போன்ற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பால் சுத்தமா இருக்குமா?” என்றார்.

“இருக்கும்.”

“கொடத்து வாயில மஞ்சத்துணி?”

“கட்டிருவோம்.”

“அப்பொறம் என்னா? மயில் தினமும் சொமக்குது. ஒரு நாளைக்குக் குதிர சொமந்தா மயில் கோவிச்சுக்குமா?”

உத்திரத்தன்று காலை தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் பிள்ளையார் முன்னே குடத்தில் பால் ஊற்றி, மஞ்சள்துணி கட்டி, குழந்தையின் தலையில் வைத்தோம். மஞ்சள் பாவாடை, காலில் கொலுசு, தலைக்கு மேலே வெள்ளைக் குதிரை! அங்கிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை. உறுமி முன்னே செல்ல, மோட்டார் சைக்கிள்களை ஓரங்கட்டி மக்கள் படம் எடுத்தார்கள்.

“பாப்பா, இது என்னா காவடிம்மா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“காவடி இல்ல. பால்குடா!” என்று என் பேத்தி முழங்கினாள். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பாதி வழி வந்திருப்போம். அவள் உற்சாகத்தில் ஒரு துள்ளுத் துள்ள, பால் கொஞ்சம் வழிந்து அட்டை வளையத்தை நனைத்தது. பசை இளகியது. குதிரை மெல்லத் தலைகுனிந்து, பிறகு ஒரேயடியாகக் கழன்று அவள் காலடியில் செம்மண்ணில் விழுந்தது.

உறுமி முன்னே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நின்றுவிட்டோம். மதுரைக்கு வந்த பரிகள் மறுபடியும் நரிகளாகிப்போன பகுதி எனக்கு நினைவில் வந்தது. அந்தப் பகுதியை நான் எப்போதும் வேகமாகப் பாடிக் கடந்துவிடுவேன். ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். என் மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. அவளே சொல்லட்டும்.”

அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. குழந்தையின் தலையில் இப்போது இருப்பது வெறும் குடம். தண்ணீர் பிடிப்பது என்று அவள் ஒதுக்கித் தள்ளிய அதே குடம். அவள் கண்ணைத் தாழ்த்தி மண்ணில் கிடந்த குதிரையை நெடுநேரம் பார்த்தாள். இரண்டு கைகளும் குடத்தை விடவில்லை.

“தாத்தா, குடாவ நீங்க தூக்கிட்டு வாங்க. அதுக்குக் கால் வலிக்குது.”

“அதுக்குத்தான் காலே இல்லியேம்மா” என்றார் அவள் அப்பா.

“அதான் நடக்க முடியல லா! பால் என்கிட்ட இருக்கு. நான் போறேன். சாமி காத்துட்டு இருப்பாரு.”

போயேவிட்டாள்! கொலுசு குலுங்க, குடம் அசையாமல், எங்களை விட்டுவிட்டு உறுமியை எட்டிப் பிடிக்க நடந்தாள். என் மகள் பின்னாலேயே ஓடினாள். நான் குதிரைத்தலையை மார்போடு அணைத்துக்கொண்டு முடிந்தமட்டும் விரைந்தேன். “என்னாய்யா, பாட்ட விட்டுட்டுக் குதிர ஓட்ட வந்துட்டீங்களா?” என்று யாரோ கூவினார்கள். “ஆமாம், ஆமாம்!” என்று நானும் கூவினேன்.

சன்னிதியில் குருக்கள் குடத்தை வாங்க வந்தார். அவள் உடனே கொடுக்கவில்லை. ஒரு கணம் குடத்தோடு நின்று கருவறையை உற்றுப் பார்த்தாள். பள்ளியில் காலைப் பால் கொடுக்கும்போது ஆசிரியை சொல்வது போல, அதட்டலும் அன்புமாகச் சொன்னாள்:

“சாமி, எல்லாத்தயும் குடிச்சிரணும். மிச்சம் வைக்கக் கூடாது.”

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த குருக்கள் சிரிப்பில் ஓர் அட்சரத்தை விட்டுவிட்டார். பிறகு குடத்தை வாங்கி வேலின்மீது பொழிந்தார். பால் வெள்ளை வெளேரென்று இறங்கியது. இத்தனை ஆண்டுகளாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவள் போல என் மகள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அவளே எடுத்துட்டாப்பா” என்றாள். குழந்தை மட்டும் எட்டி எட்டிக் குடத்துக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வாசிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும் பிள்ளைகள் நோயற்று ஓடியாடுக. அவர்கள் தவறாகக் கேட்பதும் தெய்வத்தின் செவியில் சரியாகச் சேர்க. நீங்கள் கலங்கி நின்று கொடுத்த வாக்குகள் மகிழ்ந்து நின்று நிறைவேறுக. உங்கள் வாசலிலும் வழியிலும் அவன் வேல் துணையாக நிற்க.