மச்சான் வண்டி எஞ்சின்

சுருளிவேல் என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது சேவுகம்பட்டியில், என் தங்கச்சி மகன் மலைச்சாமிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில். பெண் சொர்ணலட்சுமி காப்பித் தட்டோடு வந்து நிற்கிறாள். உள்ளே அவள் அம்மா, "ஏலே சுருளிவேலு, மாப்பிள்ள வீட்டுப் பழத்துல கை வச்சிராத, பேசி முடியட்டும்" என்று அடிக்குரலில் அதட்டுகிறாள். பதில் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்டது.

"எனக்கு எதுக்கு அவுக பழம்? அக்காளக் குடுக்கப் போற வீட்டுல நான் கை நீட்டுவனா?"

மீசை அரும்புகிற வயசு அவனுக்கு. எல்லாரும் சிரித்தோம். ரோஷக்காரப் பயல் என்று மலைச்சாமிக்கு அப்போதே மச்சினனைப் பிடித்துவிட்டது.

அது அவர்கள் குடும்பத்து வழக்கம். பெண் கொடுத்த வீட்டுக்கு எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் இறக்கலாம், அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. அப்பன் செத்த பிறகு சுருளிவேல் அதை அப்பனைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அக்காளைக் கட்டிக்கொடுத்த சின்னாளபட்டிக்கு வந்தால் வாழைத்தார் இறங்கும், தேங்காய் இறங்கும். திரும்பும்போது என் தங்கச்சி ஒரு கட்டு முருங்கைக்காயை வண்டியில் போட்டுவிட்டால், தெருமுனையில் நிறுத்தி யாராவது ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவான். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரி வந்து, "உங்க வீட்டு முருங்கை நல்ல சதைங்க" என்பாள். தங்கச்சிக்கு எரியும்.

மச்சானும் மச்சினனும் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி பிக்கப் வண்டி எடுத்தார்கள். மலைச்சாமி வண்டி சேலைக்கட்டு ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலுங்காமல் ஓடியது. சுருளிவேல் வண்டிக்கு வாய்த்தது மலை. வத்தலக்குண்டிலிருந்து அரிசி மூட்டையோடு ஏறும், கேரட்டும் பூண்டுமாக இறங்கும்.

ஹரிணி பிறந்த அன்றைக்கு மலைச்சாமி பானெட்டைத் திறந்து, எஞ்சின் தலையில் மஞ்சள் பெயிண்டால் மகள் பேரை எழுதினான். "வெளிய எழுதுனாத்தானடா நாலு பேரு பாப்பாக" என்றேன். "நாலு பேருக்கு எதுக்கு பெரியம்மா? நான் பாத்தாப் போதும்" என்றான்.

பிள்ளைக்கு எட்டு வயசில் மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

வண்டி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. சொர்ணலட்சுமிக்கு ஓட்டத் தெரியாது. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ண மட்டும் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சூடம் காட்டிவிட்டுச் செத்த நேரம் எஞ்சினை ஓடவிடுவாள். அந்த எஞ்சினுக்கு ஒரு விக்கல் உண்டு. நின்றபடி ஓடும்போது நடுநடுவே ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி சீராகும். ஹரிணி வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பக்கம் சுருளிவேல் வண்டி நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டி, மீட்டரே ஓய்ந்து நின்றுபோனது. வத்தலக்குண்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பாண்டிதான் அதற்கு வைத்தியன்.

"அண்ணே, இது டீசல்ல ஓடுதா, ஆயில்ல ஓடுதா? நீ வந்தா கொசுமருந்து வண்டின்னு பிள்ளைக பின்னாலயே ஓடியாருதுக."

"இப்பத்தானடா ரிங்கு மாத்துன?"

"தாடையே ஆடுதுண்ணே, பல்லு மாத்தி என்ன செய்ய? வேற எஞ்சின் ஏத்திரு."

இந்தப் பேச்சு சொர்ணலட்சுமி காதுக்கு வந்தது. தம்பியை வரச் சொன்னாள். நானும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் இருந்தேன்.

"தம்பி, மச்சான் வண்டி பாடி துருப்பிடிச்சு உதிருது. எப்.சி. தேதியும் முடிஞ்சு போச்சு. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. கழட்டி ஒன் வண்டியில வச்சுக்கடா. நீ ஓட்டுனா அவரே ஓட்டுற மாதிரி இருக்கும் எனக்கு."

"வேணாங்க்கா."

"சும்மா வேணாம்னா காசு குடுத்து வாங்கிக்கப்பு" என்றேன்.

"அக்காகிட்ட யாவாரம் பண்ணச் சொல்றீகளா அத்தை? தாலியறுத்தவ வீட்டு இரும்பக் கழட்டிட்டுப் போறான்னு ஊரு பேசாது?"

அந்த வார்த்தையை ஊர் சொன்னதில்லை. அவன்தான் சொன்னான், அவள் மூஞ்சிக்கு நேராக. சொர்ணலட்சுமி அவனுக்குச் சோறு போட்டாள், வெஞ்சனம் வைத்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் சாவியைத் தொடவில்லை. ஆடி முடிந்ததும் திண்டுக்கல்லில் பழைய வண்டி உடைக்கிற ஆளை வரச் சொல்லி, வண்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். கயிறு கட்டி இழுத்துப் போகும்போது வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

சுருளிவேல் பழைய எஞ்சினை விடவில்லை. கேஸ்கெட் மாற்றினான், ரேடியேட்டர் ஒழுகலை அடைத்தான், ஆயில் கேனைப் பக்கத்து சீட்டிலேயே வைத்து ஓட்டினான். ஒரு நாள் மலை ரோட்டில் டம்டம் பாறைக்கு மேலே, முழு லோடோடு, எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றேவிட்டது. கட்டி இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். பாண்டி திண்டுக்கல்லுக்கு எஞ்சின் தேடிப் போனான். திரும்பி வந்து பேசியதைப் பின்னால் பாண்டியே என்னிடம் சொன்னான்.

"அண்ணே, நல்ல எஞ்சின் ஒண்ணு கெடைச்சிருக்கு. ஆனா மேல ஹரிணின்னு எழுதிருக்கு."

சுருளிவேல் டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டானாம்.

"கடைக்காரன்கிட்டதான காசு குடுக்குறோம்?"

"ஆமாண்ணே."

"அப்ப அது அக்கா வீட்டுப் பொருள் இல்ல. ஏத்து."

"பேரச் சுரண்டிரவா?"

"இருக்கட்டும். மருமக பேருதான."

அவனுக்கு அது தப்பாகவே படவில்லை. வழக்கத்துக்கும் பங்கமில்லை, வண்டியும் ஓடும் என்று நினைத்துக்கொண்டான். அக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வருஷம் ஹரிணி பெரிய மனுஷி ஆனாள். சடங்கன்றைக்கு வாசலில் பந்தல், உள்ளே ஓலைக் குச்சுக்குள் பிள்ளை. தாய்மாமன் சீர் வந்தால்தான் மேற்கொண்டு காரியம் ஆகும். பொம்பளைகள் எல்லாரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வண்டி வந்தது. புகை இல்லை, இரைச்சல் இல்லை. பந்தல் முன்னால் நின்று ஓடியது. நடுவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சீரானது.

குச்சுக்குள்ளிருந்து ஹரிணி, "அம்மா, அப்பா வண்டி!" என்று கத்தினாள்.

சொர்ணலட்சுமி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். சீர்த்தட்டு இறக்குகிறவர்களை விலக்கிக்கொண்டு போனாள்.

"பானெட்டத் தொற."

"அக்கா, நல்ல நேரம் போகுது..."

"தொறடா."

திறந்தான். ஆயில் பிசுக்குக்கு நடுவில் மஞ்சள் எழுத்து அப்படியே இருந்தது.

"நான் என் கையால குடுத்தப்ப வேணாம்ன. எவனோ வண்டி உடைக்கிறவன் குடுத்தா வாங்கிக்கிற."

"காசு குடுத்து வாங்குனேன்க்கா. ஒன் வீட்டுல இருந்து எடுக்கல. நான் வழக்கத்த மீறல."

"நீ எதத்தான் மீறுன? தாலியறுத்தவ வீட்டு இரும்பு, கடைக்குப் போய்ட்டு வந்தா சுத்தமாயிருமாடா?"

அவன் மறுபடி மறுபடி, "வழக்கத்த மீறலக்கா, வழக்கத்த மீறல" என்றே நின்றான். தப்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது.

"பிள்ளைக்காகச் சீர ஏத்துக்கடி" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அவன் குடுக்குறத நான் மட்டும் வாங்கிக்கிட்டே இருக்கணும், நான் குடுத்தா அது தீட்டு. அப்படி ஒரு தம்பி எனக்கு வேணாம் பெரியத்தை."

சொர்ணலட்சுமியின் சித்தி மகன் சந்தோஷ்குமார் டீ சர்ட்டோடு விருந்துக்கு வந்திருந்தான். அவன் தோளில் யாரோ ஒரு துண்டைப் போட்டு, தாய்மாமன் முறை செய்ய வைத்தார்கள். சுருளிவேல் கொண்டுவந்த தட்டுகள் பட்டுச்சேலை, மாலையோடு அதே வண்டியில் திரும்ப ஏறின. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லக்கூட ஆளில்லை. வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை குச்சுக்குள் பிள்ளை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது நடந்து மூன்று வருஷமாகிறது. எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுவதாகப் பாண்டி சொல்கிறான். சுருளிவேல் இப்போது கொடைரோட்டில், ரயிலடிக்கு வெளியே லோடு வண்டிகள் நிற்கும் வரிசையில் நிற்கிறான். திண்டுக்கல் லோடு கிடைத்தால் சின்னாளபட்டிக்குள் திரும்பாமல் நாலுவழிச் சாலையிலேயே போய், அதிலேயே திரும்பி வருகிறான்.