எர்னியின் நிழலில் வாசித்த பெட்டி

வெண்டல் ஃபுர்தாடோ என் சித்தப்பாவின் முதல் தாரத்து மகன். சான் லியாண்ட்ரோ ஊரில் பகலில் தக்காளி டப்பா ஆலையில் மோட்டார் பழுது பார்ப்பான். மாலையில் கார் ஷெட்டுக்குள் உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒட்டி, மின்சாரத்தில் இசை எழுப்பும் சிந்தசைசர் பெட்டிகள் செய்வான். கார் பாவம், தெருவில் நனைந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அவன் செய்த பெட்டி, ஒலியலையைத் துணி மடிப்பதுபோல மடிக்கும். மடிப்பு கூடக் கூட, புறா குனுகுவது போன்ற ஓசை தகரம் கிழிவதாகிவிடும். குமிழைத் திருகவே வேண்டாம். மின்னழுத்தம் ஏறினால் உள்ளே குட்டி விளக்கு பிரகாசமாகும்; எதிரே இருக்கும் ஒளிச்சில்லு அதைப் பார்த்து மடிப்பைக் கூட்டும். இரண்டையும் கறுப்பு டேப்பில் சுற்றி வைத்திருந்தான்.

அவன் மனைவி லொரைனின் அண்ணன் எர்னி மீன்பிடி படகு வாங்கிவிட்டு, அதை நிறுத்த அந்த ஷெட்டைக் குறிவைத்துத் திரிந்தான். வீடு லொரைனுக்கு அவள் அம்மா கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் பெட்டியை வாசித்துக் காட்டும்படி லொரைன் வெண்டலிடம் சொன்னாள். சனம் எழுந்து போய்விட்டால் ஷெட் படகுக்கு.

வெண்டலுக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கு மினுங்குவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று டேப்பைப் பிரித்தெறிந்து, உள்ளே தெரியும்படி கண்ணாடி மாதிரி மூடி போட்டுக் கொண்டுவந்தான்.

முதலில் புறா குனுகியது. மண்டபத்து மூலையில் சனத்துக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த நான்கூட நிறுத்திக் கேட்டேன். பிறகு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே பெட்டிக்குள் விழுந்தது. ஒளிச்சில்லுக்கு விளக்கென்ன, சூரியனென்ன? மண்டபமே கிழிந்தது. பாதிரியார் காதுக்கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். சனம் கிளம்புவதற்குக் கோட்டுகளைத் தேடியது.

எர்னி சந்தோஷமாக முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து, கலையலாம் என்று சொல்ல வாய் திறந்தான். ஆள் குளிர்சாதனப் பெட்டி அளவு. அவன் நிழல் பெட்டிமேல் விழுந்ததும் புறா திரும்பி வந்தது. ஒரு எட்டு நகர்ந்தான், தகரம். திரும்ப வந்து நின்றான், புறா.

"மச்சான், அங்கயே நில்லுங்க," என்றான் வெண்டல்.

"எதுக்குடா?"

"உங்க நிழல் வேணும்."

பின்வரிசையில் என் அத்தை டெல்ஃபினா, "எர்னி, கொஞ்சம் குனி பாப்போம்," என்றாள். குனிந்தான், பெட்டி உறுமியது. எல்லோரும் கோட்டுகளைக் கீழே வைத்தார்கள். கைதட்டல் கேட்டதும் எர்னிக்குக் கோபம் எங்கே போனதோ, ஒரு கையைத் தூக்கினான், ஒரு காலைத் தூக்கினான். வெயில் சுவர் ஏறும்வரை ஆடித் தீர்த்தான். ஒருவரும் போகவில்லை.

வெளியே வந்ததும் தங்கையைப் பிடித்துக்கொண்டான். "வாசிச்சது நாந்தானே? அப்ப ஷெட்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான் இவ்ளோ பெரிய நிழல் இருக்கேண்ணே," என்றாள் லொரைன். "படக அதுல நிறுத்திக்கோ."