ஜானவாசத்துக்கு ஒரு திறந்த கார்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஜானவாசப் படம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளை அம்பாசிடரின் பின் ஜன்னல், அதில் பாதி மாலை, ஒரு மூக்கு. அந்த மூக்குதான் என் கணவர்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் போட்டுத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, பெண் வீட்டார் கூடவே நடந்து வீதி சுற்றி அழைத்து வருவதுதான் ஜானவாசம். மாப்பிள்ளையை ஊரே பார்க்க வேண்டும், அதற்காகத்தான் திறந்த கார். அப்பா தஞ்சாவூரில் சொல்லிவைத்திருந்த கார் துவாக்குடி வரை ஒழுங்காக வந்து, அங்கே அச்சு முறிந்து நின்றுவிட்டது. கடைசி நிமிஷத்தில் பக்கத்து வீட்டு டாக்டரின் அம்பாசிடர்தான் கிடைத்தது. மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டே ஸ்ரீரங்கம் சித்திரை வீதி நாலையும் சுற்றி வந்தார்.

இது நடந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. ரசத்தில் உப்பு குறைந்தால்கூட, ஜானவாசத்துக்கே மூடின கார் அனுப்பின குடும்பம்தானே என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும், முதல் தடவை கேட்கிற மாதிரியே, துவாக்குடியில் அச்சு முறிந்த கதையை முதலிலிருந்து சொல்லி மன்னிப்புக் கேட்பார். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயசு.

போன தீபாவளிக்கு அப்பா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். அவர் இருப்பது மேலச் சித்திரை வீதியில் என் தம்பியோடு. தம்பிதான் பிறகு போனில் உண்மையைச் சொன்னான். இன்னொரு தடவை அந்தக் கார் பேச்சைக் கேட்கத் தெம்பில்லை என்றாராம். கணவரிடம் போய்ச் சண்டை போட்டேன். தமாஷுக்குச் சொன்னதை இவ்வளவு பெரிசு பண்ணுகிறீர்களே என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. தன் தமாஷ் மேல் அபார நம்பிக்கை உள்ளவர், அவ்வளவுதான்.

அடுத்த புரட்டாசியில் பேப்பரில் ஒரு ஏல விளம்பரம் வந்தது. மன்னார்புரம் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் சாமான்கள், கூடவே ஒரு பழங்காலப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட், கூரை மடக்கக்கூடியது, ஓடும் நிலையில் உள்ளது. என் கணவர் விளம்பரத்தைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். வாங்கினால் ஜானவாசக் கணக்கு தீர்ந்தது, இனிமேல் பேச மாட்டேன் என்று அவராகவே சொன்னார். எங்கள் பழைய காரைச் சமீபத்தில்தான் விற்றிருந்தோம். டெபாசிட் கட்டி, நம்பர் எழுதின அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டோம்.

கார் என்னவோ அழகுதான். கரும்பச்சை நிறம், வட்டக் கண் விளக்குகள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். கணவர் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம். பீரோ, சரவிளக்கு, மான் கொம்பு என்று ஒவ்வொன்றாகப் போய்க் காரின் முறை வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்.

என் கணவர் காலேஜில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். ராகு காலத்தில் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட மாட்டார். என் கையிலிருந்த அட்டையைக் குப்புறத் திருப்பி மடியில் வைக்கச் சொன்னார். சுற்றிப் பார்த்தேன். முன் வரிசையில் வைர மோதிரம் போட்டவர், பின் வரிசையில் ஜீயபுரத்து வாழைத்தோப்புக்காரர், எல்லாருடைய அட்டையும் குப்புறத்தான் கிடந்தது. அதுவரை மான் கொம்புக்கு அடித்துக்கொண்ட கூட்டம் கப்சிப் என்று உட்கார்ந்திருந்தது.

ஏலம் விடுகிறவர் பம்பாய்க்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குறைந்தபட்ச விலையைச் சொன்னார். பதில் இல்லை. காரின் பெருமையைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டி ஆமோதித்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். வாழைத்தோப்புக்காரர் எழுந்து, காரை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று பணிவாகக் கேட்டார். அச்சடித்த வரிசையை மாற்ற முடியாது என்று பம்பாய்க்காரர் இன்னும் பணிவாகச் சொன்னார். யாரும் கேட்காவிட்டால் கார் சொந்தக்காரரிடமே திரும்பிப் போய்விடும் என்றும் சொன்னார். அதற்கும் யாரும் அசையவில்லை. இந்த நேரத்தில் எவன் கை தூக்குவான், ஆறு மணிக்குக் கார் சொந்தக்காரரிடமே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வைர மோதிரம் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

முதல் தடவை கூவியாயிற்று. இரண்டாம் தடவையும் கூவியாயிற்று. அப்போதுதான் என் கணவர் அடுத்த நாற்காலிக்காரரிடம், சும்மா இருக்க முடியாமல், "எங்க மாமனார் ஜானவாசத்துக்கு மூடின கார் அனுப்பினவர், தெரியுமோ?" என்று ஆரம்பித்தார்.

என் கை தானாகத்தான் மேலே போனது. அட்டையும் கூடவே போனது. பம்பாய்க்காரர் சுத்தியைத் தட்டிய வேகத்தைப் பார்த்தால் எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. ஐம்பது தலைகள் திரும்பின. போட்டிக்கு ஓர் ஆள் இல்லை, குறைந்தபட்ச விலைக்கே கார் எனக்கு வந்துவிட்டது. வாழைத்தோப்புக்காரர் என்னைப் பாவப்பட்ட பெண்பிள்ளையாகப் பார்த்தார்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது, ராகு காலத்தில் வாங்கினதில் நான் ஏற மாட்டேன் என்றார் கணவர். வாங்கினது நான், ராகு என்னைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் வெறும் பயணிதானே என்றேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பயணிகளைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது. பத்து நாளில் சமாதானம் ஆகிவிட்டார்.

காரை மெக்கானிக்கிடம் விட்டுச் சரிபார்த்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஐப்பசியில் ஒரு நல்ல நாளைக் குறித்தார். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஜானவாச சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பித்தானும் துளையும் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியாத தூரத்தில் இருந்தன. மாலை போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று பூக்கடையில் ஒன்று வாங்கினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

தெற்குச் சித்திரை வீதியில் நுழைந்தோம். உட்காருகிற இடம் அவ்வளவு தாழ்வு. ஒரு பசு அவரை நேருக்கு நேர் பார்த்து, மாலையில் ஒரு ரோஜாவைக் கடித்துக்கொண்டு போனது. ஸ்கூட்டரில் போனவர்கள் நிறுத்தி மாப்பிள்ளை யார் என்று விசாரித்தார்கள். அவர் எல்லாருக்கும் கையசைத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் போய் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மேலச் சித்திரை வீதி திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்து மூட மெக்கானிக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நாங்கள் இழுத்ததில் ஒரு கம்பி கையோடு வந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் சீட்டில் தண்ணீர் நின்றது. மாலை சாயம்போய்ச் சட்டையில் இறங்கியது. அவர் முகத்தை வழித்துக்கொண்டு முனகினார்.

"இதுக்கு மூடின காரே தேவலை."

நான் பிரேக்கை மிதித்தேன். என்ன சொன்னேள் என்று கேட்டேன். திரும்பவும் சொன்னார். அதன் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் காரைத் தம்பி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்பா கதவைத் திறந்தார். வாசலில் மருமகன் சூட்டும் மாலையுமாகச் சொட்டச்சொட்ட நின்றதைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், "மாப்பிள்ளை, அன்னிக்குத் துவாக்குடியில…" என்று தொடங்கினார்.

"துவாக்குடியை விடுங்கோ மாமா," என்றார் என் கணவர். "நீங்க அனுப்பின கார்தான் சரியான கார். நான்தான் புரியாம இத்தனை வருஷம் உங்களைப் படுத்திட்டேன். மன்னிச்சுக்கோங்கோ."

அப்பா உள்ளே போய்த் துண்டு கொண்டுவந்து மாப்பிள்ளையின் தலையைத் தானே துவட்டினார். பிறகு அப்பா என் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கூச்சத்தோடு, தானும் ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அந்த முழங்காலோடு அவரை அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்காரவைக்க என் கணவரும் தம்பியும் சேர்ந்து பாடுபட்டார்கள். இருப்பதோ இரண்டே சீட். ஸ்டீயரிங்கில் நான். பக்கத்தில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா. என் கணவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, பசு கடித்த பக்கத்தைப் பின்னால் தள்ளி, அப்பாவுக்குப் போட்டார். காரோடு நடக்க ஆள் வேண்டுமே. நனைந்து சுருங்கிய சூட்டோடு அவரே நடக்க ஆரம்பித்தார்.

நான் மெல்ல ஓட்டினேன். மேலச் சித்திரை வீதி முடிந்து வடக்கு வீதி திரும்பினோம். அங்கே அப்பா குடையைக் கொஞ்சம் சாய்த்து, தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"அச்சு கெட்டியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இன்னொரு சுத்து போகலாம்."