இருபது மில்லி

பாலைவன ஊரான தத்தாவினில் நௌஃபல் வாத்தியாரிடம் படித்த எவருக்கும் மில்லியும் சென்ட்டியும் மறக்காது. மறந்தால் அவர் விடமாட்டார். "சென்ட்டின்னா நூத்துல ஒரு பங்கு, மில்லின்னா ஆயிரத்துல ஒரு பங்கு. இதுகூட மண்டைல ஏறலன்னா போய் ஒட்டகம் மேய்" என்பார். வகுப்பே சிரிக்கும்; திட்டு வாங்கிய பிள்ளை நிமிராது.

அந்த வருஷம் வாத்தியாரின் பக்கத்து வீட்டு ம்பார்க்காவின் ஆட்டுக்குட்டிகள் கால் விறைத்துத் தள்ளாடின. புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த மந்தைதான் கதி. கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை ஜீலானியின் மருந்துக் கடையில் வாங்கி வந்தாள். குட்டிக்கு 0.2 சென்ட்டிலிட்டர் என்றிருந்தது. அவளுடைய ஊசிக்குழாயிலோ மில்லிக் கோடுகள். தெருவில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நௌஃபலிடம் சீட்டை நீட்டினாள். பேச்சை நிறுத்தாமலே அவர், "இருபது மில்லி, சித்தி" என்றார். இரண்டு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலை அவள் அப்படியே ஊசி போட்டாள். விடிவதற்குள் குட்டிகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. ஜீலானி கெட்டுப்போன மருந்தை விற்றுவிட்டான் என்று ஊர் பேசியது. ஆறுதல் சொல்லப் போன நௌஃபலிடம் ம்பார்க்கா புட்டியைக் காட்டினாள். கிட்டத்தட்ட காலி. பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜீலானி கடைப் பக்கம் யாரும் போகவில்லை. தேநீர்க் கடையில் அவன் நுழைந்தாலே ஒருவன், "பாத்து, தண்ணில எதையாவது கலந்துடப் போறான்" என்பான். நௌஃபலும் அங்கேதான் இருந்தார். "வாத்தியாரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். அவர் கோப்பைக்குள் பார்த்தபடி, "அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார். அப்படிச் சொன்னதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் குறுகினார்; கணக்குத் தப்பியதுகூட அப்புறம்தான்.

கடைசியில் ம்பார்க்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"நீ சொன்னா சரியா இருக்கும்னுதான்பா நான் இன்னொருத்தர்கிட்ட கேக்கல" என்றாள்.

குட்டிகளுக்கு ஈடு தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே தேநீர்க் கடைக்குப் போய், எல்லோரும் கேட்க, தப்பு தன்னுடையது என்றார். அங்கே உட்கார்ந்திருந்த ஜீலானி எழுந்தான்.

"கணக்கு யாருக்கும் தப்பும்டா. இத்தனை நாளா இங்க உக்காந்து கேட்டுட்டுதானே இருந்த?"



கடைக்கு ஆட்கள் மெல்லத் திரும்பினார்கள். ஜீலானி மட்டும் வாத்தியாருக்கு சலாம் சொல்வதை நிறுத்திவிட்டான். மற்றவர்கள் வழக்கம்போல "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காது சுட்டது.