கறுப்புத் திரையில் இரண்டு வரி

"நாங்களே இதத் தொடப் பயந்துக்கிட்டுக் கெடக்கறோம், நீ என்ன அம்மிணி பண்ணிக் கிழிக்கப்போற?" என்று மாமா கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிரும் இருந்தது.

மாமாவுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. ராசிபுரத்தில் யாரோ ஒரு பையனிடம் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். சித்தியின் கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரர் தந்த பென்டிரைவை மாமா அழித்து வண்டிக்குப் பாட்டு ஏற்றிவிட்டதால், வேறெங்கும் அந்தக் கல்யாணம் இல்லை. லேப்டாப்பைப் போட்டால் அது தானாகத் திறக்கும்வரை கை வைக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியிலிருந்து சித்தியின் மாமியார் வீட்டார் வீடியோ பார்க்க வந்தார்கள். மாமா கைகழுவப் போன நேரத்தில் நான் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். மேல்வரியில் ஒரு வெள்ளைப் பட்டை. கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினேன். பட்டை அடுத்த வரிக்கு இறங்கியது. அவ்வளவுதான் செய்தேன். சற்றுநேரத்தில் திறந்தது எங்கள் லேப்டாப்பே இல்லை. நிறம் வேறு, படம் வேறு. கல்யாணத்தைக் காணோம்.

"இஞ்சின் ஓடுது, லோடக் காணமே" என்றார் மாமா.

"ஏனுங்க, புள்ள அழிச்சுப்போடுச்சுங்களா?" என்று சித்தியின் மாமியார் மெதுவாகக் கேட்டார். சித்தி அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா பார்த்த பார்வையில், என் படிப்பே அன்றோடு நின்றுவிடும் போலிருந்தது.

அழுதுகொண்டே அணைத்து, மறுபடி போட்டேன். இந்தமுறை வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேலே விண்டோஸ், கீழே லினக்ஸ்.

"மாமா, இதுக்குள்ள ரெண்டு இருக்குதுங்க."

"ரெண்டுன்னா என்ன ரெண்டு?"

பட்டையை மேல்வரியில் நிறுத்தி அழுத்தினேன். கல்யாணம் இருந்த இடத்திலேயே இருந்தது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"கெட்டிக்காரப் புள்ளைங்க" என்றார் மாமியார்.

"தொலைச்சதும் அவதானுங்க" என்றார் மாமா.

எல்லாரும் வீடியோவைப் பார்க்க, நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே விசைகள், அதே திரை. உள்ளே எழுந்துகொள்வது யார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

அப்படி எழுவதற்கு இயங்குதளம் என்று பெயர். விசை தட்டினால் கேட்பதும், கோப்பைத் தேடி எடுத்துத் தருவதும், திரையில் வரைவதும் அதன் வேலை என்று சேலத்தில் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன். அன்று நான் எதையும் அழிக்கவும் இல்லை, மீட்கவும் இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்குக் கேட்கவே தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. இரண்டு இயங்குதளங்களும் இன்னும் எழாத நேரத்தில், எது வேண்டும் என்று அந்த வரிகளைக் காட்டிக் கேட்டது யார்?

அவற்றுக்கும் முன்னால் விழிக்கிற ஒரு சின்ன நிரல். போன மாதம் அப்படி ஒன்றை நானே எழுதி, அஸ்தம்பட்டி விடுதி அறையில் ஒரு பழைய கணினியில் ஏற்றினேன். கறுப்புத் திரையில் ஓர் எழுத்து வந்து நின்றது. அது எழுப்புவதற்கான இயங்குதளத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். விசையைத் தட்டினால் கேட்கிறது.