கோழிக்கடை வாசலில் ஒரு தூளி

பட்டப்பகலில், கோழிக்கடை வாசலில், தூளி கட்டிப் படுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஆடுவது சமூகப் பொறுப்பில் சேருமா... சமூகத்துக்கு இடைஞ்சலில் சேருமா?

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் இந்தக் கேள்வி என் தலைமேல் விழுந்தது. தலைமேல் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. இறகு இறகாக விழுந்தது.

மேகமலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு நாள் தங்க அழைத்திருந்தார். மழைக்காலம். தரையில் படுத்தால் அட்டை ஏறும். எனவே மரத்துக்கு மரம் வலைத்தூளி கட்டி, அந்தரத்தில் படுப்பது என்று முடிவு. குளிருக்கு? என்னிடம் ஒரு பழைய ஸ்லீப்பிங் பேக் இருந்தது; உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்துப் படுக்கும் மெத்தைப் பை. குமுளி விடுதியில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுச் சென்றது. விடுதிக்காரர் எனக்குக் கொடுத்தது.

ஒத்திகைக்காக வீட்டுக்குள் தூளி கட்டினேன். பைக்குள் கால்களை விட்டு, ஜிப்பை இழுத்து, சாக்கு ஓட்டப்பந்தயத்துக்காரனைப் போலக் குதித்து ஏறினேன். இந்தப் பக்கம் ஏறியவன் அந்தப் பக்கம் இறங்கினேன். தலைகீழாக.

யோசித்தேன். தூளியில் படுக்கும்போது முதுகுக்குக் கீழே இருக்கும் பையின் பகுதி உடல் பாரத்தில் நசுங்கிவிடுகிறது. அதனால் வெதுவெதுப்பு இல்லை. பிறகு அது எதற்கு? முதுகுப் பகுதியையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, பாதங்களை நுழைக்க மட்டும் அடியில் ஒரு பை போல விட்டுவிட்டால், மேலே இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அருமையான மெத்தைப்போர்வை! புதிதாக வாங்கினால் பணம் மட்டுமா விரயம்? பூமிக்கும் அல்லவா பாரம்? ஒரு செயலின் விளைவுகளை எல்லாக் கோணத்திலும் சீர்தூக்கிப் பார்ப்பவன் நான்.

காற்றின் கோணத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாக. இதப் போயி மொட்டமாடில வச்சுப் பிரிக்கப் போறீகளா?" என்றாள் மனைவி மலர்.

அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. மேலும், தேனி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு — மெத்தென்று எது இருந்தாலும் அதற்குள் இருப்பது இலவம்பஞ்சு! பழைய இலவம்பஞ்சோ கட்டிதட்டிப் போயிருக்கும். அதை மொட்டை மாடியில் பிரித்து, வெயிலில் போட்டு, குச்சியால் அடித்துத்தான் உதிர்க்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அதுதான். எனவே முறைப்படி மாடிக்குப் போனேன். முறைப்படி வெட்டினேன். நீளவாக்கில், ஒரே வெட்டு.

உள்ளே இருந்தது பஞ்சு அல்ல. வெள்ளை வெளேரென்ற மெல்லிய தூவி இறகுகள். ஒரு கணம் அவை என்னைப் பார்த்தன. மறுகணம் எங்கள் ஊர் உத்தமபாளையத்தைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டன.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று — எங்கள் வீட்டுக்கு நேர் கீழே சிக்கந்தர் ராவுத்தரின் பிராய்லர் கடை. இரண்டு — வடக்கே எங்கோ பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. வியாபாரம் படுத்துவிட்டது. கூண்டு நிறையக் கோழிகள் தீனியைத் தின்றுகொண்டு நின்றன. அன்று ஒரு காதுகுத்து விருந்துக்கு மொத்தமாக வாங்கிப்போகத் திராட்சைத் தோட்டக்காரர் பெருமாள்சாமி ஆட்டோவோடு வந்திருந்தார். ராவுத்தர் மலைபோல் நம்பியிருந்தது அந்த ஒரு வியாபாரத்தைத்தான்.

அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து இறகு மழை.

பெருமாள்சாமியின் துண்டில் இறகு. மீசையில் இறகு. கோழி வாங்க நின்ற ஓர் அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார்: "ஆத்தாடி! செத்த கோழியையெல்லாம் மாடில போட்டு ஒளிச்சு வச்சிருக்காகடி!"

நான் கீழே ஓடி வந்தபோது பெருமாள்சாமி ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். "வேணாம் ராவுத்தரே. கறிச்சோறு போடக் கூப்புட்டு ஊரையே ஆசுபத்திரில படுக்க வைக்கவா? நான் கெடாயே பாத்துக்கிறேன்."

"அண்ணாச்சி, செத்த நில்லுங்க! எங்கோழி ஒன்னுகூடச் சாகல. எண்ணிப் பாருங்க!" ராவுத்தர் கூண்டுக் கதவைத் திறந்தே காட்டினார்.

வெட்டிய பிறகுதான் பைக்குள் தைத்திருந்த சீட்டைப் படித்திருந்தேன். உண்மையைச் சொல்வது என் கடமை அல்லவா? சொன்னேன். "ஐயா, இது கோழி இறகு இல்லை. என் படுக்கைப் பைக்குள் இருந்தது. வாத்து இறகு."

துல்லியமாகப் பேசும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது அடுத்த நொடியே தெரிந்தது.

"வாத்துக்குத்தேன் அந்தச் சீக்கு மொதல்ல வருமாம். டிவில சொன்னாக!" என்றார் மூக்கைப் பொத்திய அம்மாள்.

ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "தம்பி, நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தாக்கூட ரெண்டு கோழி வித்திருக்கும்."

"படுக்குற பைக்குள்ள எவனாச்சும் எறக வைப்பானாய்யா?" பெருமாள்சாமி ஆட்டோவிலிருந்தே கேட்டார். "எங்க, இங்கன படுத்துக் காட்டு பாப்போம்!"

இது சவாலா? வாய்ப்பு என்று கொண்டேன். கடை ஷட்டரின் தூணுக்கும் எதிரே நின்ற புங்கமரத்துக்குமாகத் தூளியைக் கட்டினேன். மலர் அதற்குள் வெட்டுவாயை அவசர அவசரமாகத் தைத்து, மிச்சத்துக்கு ஊக்குக் குத்தி, போர்வையைக் கொண்டுவந்தாள். "ரெண்டு பக்கமும் தச்சுட்டு நடுவுல வெட்டியிருந்தா இந்தக் கூத்து உண்டா?" என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டது.

ஏறினேன். வழக்கம்போல மறுபக்கம் இறங்கினேன். கூட்டம் சேர்ந்தது. இரண்டாம் முறை ராவுத்தர் தோளைப் பிடித்தார், படுத்துவிட்டேன். கால்களைப் பைக்குள் நுழைத்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டேன். கட்டுமானத்தில் குறையே இல்லை. மேகமலைக் குளிருக்குத் தைத்த போர்வை உத்தமபாளையத்து வெயிலில் தன் கடமையைச் செய்தது.

மூக்கை மூடிய அம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "தூளிய விட்டு எறங்காத வயசுதேன்..." என்று ஓர் ஆட்டு ஆட்டினார்.

ஆடிய வேகத்தில் ஊக்கு ஒன்று விலகியது. புஸ்ஸென்று ஒரு பிடி இறகு கிளம்பி, என் மூக்கில் ஏறியது. தும்மினேன். இன்னொரு பிடி! தும்மலுக்கு ஒரு கொத்து, ஆட்டலுக்கு ஒரு கொத்து... கூண்டுக் கோழிகள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன. ஒன்றின் உடம்பிலும் ஓர் இறகு குறையவில்லை என்பதை ஊரே கண்ணால் பார்த்தது.

பெருமாள்சாமி ஆட்டோவை விட்டு இறங்கினார். ஓர் இறகை எடுத்து ஊதிப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கோழிக்கு ஒன்னுமில்ல ராவுத்தரே. சீக்கு இவருக்குத்தேன். போடுங்க கோழிய!"

அவர் வாங்கியதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். தூளியைப் பார்க்க வந்தவர்கள் கால்கிலோவாவது வாங்காமல் போகவில்லை. வேர்த்து விறுவிறுத்து எழப் போனேன். ராவுத்தர் ஓடி வந்து என் நெஞ்சில் கைவைத்து அமுக்கினார். "தம்பி, தம்பி... யாவாரம் முடியட்டும். அதுவரைக்கும் அப்புடியே கெடங்க. சர்பத் சொல்லியிருக்கேன்."

கிடந்தேன். செயலுக்கு ஒரு விளைவு என்றுதான் படித்திருந்தேன். விளைவுக்குள் ஒருவன் படுத்தும் கிடக்க வேண்டியிருக்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

மேகமலைப் பயணம் தள்ளிப்போய்விட்டது. போர்வை இன்னும் காட்டைப் பார்க்கவில்லை. இப்போது எதைப் பிரிப்பதானாலும், முதலில் தைத்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, ராவுத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் குறைந்தால் அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். நான் இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.